சே, டெல், லை, லே: குழப்பும் ஆங்கில வினைச்சொற்களைப் பிரித்தறிய ஒரு முழு வழிகாட்டி

"சே, டெல் இரண்டுக்குமே அகராதியில் ‘சொல்’ என்றுதான் இருக்கிறது. அப்படியானால் எதை எங்கே போடுவது?" ஆங்கிலம் கற்கிறவர்கள் ஏறக்குறைய எல்லோரும் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வியில் வந்து நிற்கிறார்கள். நியாயமான கேள்வி. தமிழ்ப் பொருளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு தேடினால் இதற்குப் பதில் கிடைக்காது. ஒரு வினைச்சொல்லுக்கு என்ன பொருள் என்பதோடு, அதற்குப் பின்னால் என்ன வரும் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஆள் வருமா, பொருள் வருமா, இன்னொரு வினை வருமா, ஒன்றுமே வராதா? இந்த வழிகாட்டி முழுக்க இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டுதான் போகிறது.

ஆங்கிலச் சொற்களை உச்சரிப்பை ஒட்டித் தமிழிலேயே எழுதியிருக்கிறேன். எழுத்துக்கூட்டல் முக்கியமான இடங்களில் எழுத்துகளைத் தனித்தனியாகச் சொல்கிறேன். ஒரே மூச்சில் படித்து முடிக்க வேண்டாம். ஒரு படி பிடிபட்ட பிறகு அடுத்ததற்குப் போங்கள்.

முதல் படி: குழப்பம் எந்த வகை என்று பாருங்கள்

எல்லாக் குழப்பங்களும் ஒரே காரணத்தால் வருவதில்லை. காரணம் வேறானால் தீர்க்கும் வழியும் வேறு.

ஒன்று, தமிழில் இரண்டு வினைகள் தெளிவாகவே இருக்கும். ஆனால் அவற்றுக்கான ஆங்கிலச் சொற்கள் காதுக்கு ஒன்றுபோலக் கேட்கும். ‘எழு’, ‘எழுப்பு’ இரண்டையும் நாம் ஒருநாளும் மாற்றிச் சொல்ல மாட்டோம். ஆனால் ரைஸ், ரெய்ஸ் என்று வந்தால் தடுமாறுகிறோம். இந்த வகையில் விடை ஏற்கெனவே நம் மொழியில் இருக்கிறது, எடுத்துப் பயன்படுத்த வேண்டியதுதான் பாக்கி.

இரண்டாவது, தமிழில் ஒரே வினை இருக்கும், ஆங்கிலம் அதையே மூன்று நான்காகப் பிரித்து வைத்திருக்கும். சொல், கேள், பார், வை, விடு, மறு எல்லாம் இப்படிப்பட்டவை. அதிக உழைப்பு இங்கேதான் வேண்டும்.

மூன்றாவது, வெறும் எழுத்துக் குழப்பம். அஃபெக்ட், எஃபெக்ட் போன்றவை. இதைக் கடைசியில் சுருக்கமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு ஜோடி உங்களைக் குழப்பினால், முதலில் அந்த இரண்டு சொற்களுக்கும் தமிழில் வினை எழுதிப் பாருங்கள். இரண்டு வினை கிடைத்தால் முதல் வகை. ஒன்றே திரும்பத் திரும்ப வந்தால் இரண்டாம் வகை.

இரண்டாம் படி: ‘எதை?’ என்று கேளுங்கள்

பள்ளியில் தன்வினை, பிறவினை படித்திருப்போம். பந்து உருண்டது, பந்தை உருட்டினான். வண்டி திரும்பியது, வண்டியைத் திருப்பினான். தானாக நடப்பது தன்வினை, இன்னொன்றை நடக்க வைப்பது பிறவினை. ஆங்கிலத்திலும் பழங்காலத்தில் இப்படி வினைகளை ஜோடியாக உண்டாக்கும் வழக்கம் இருந்தது. நாளடைவில் அது செத்துப்போய், மிச்சம்மீதியாகச் சில ஜோடிகள் மட்டும் தங்கிவிட்டன. இன்று நம்மைக் குழப்புவது பெரும்பாலும் அந்த மிச்சங்கள்தான். தமிழில் அந்த வழக்கம் இன்னும் உயிரோடு இருப்பதால், இந்த ஜோடிகளைப் புரிந்துகொள்வது நமக்கு எளிது.

சோதனை இதுதான். வினையைப் பார்த்து ‘எதை?’ அல்லது ‘யாரை?’ என்று கேளுங்கள். பதில் வந்தால் பிறவினைச் சொல், வராவிட்டால் தன்வினைச் சொல்.

ரைஸ் என்றால் எழு, உயர். எதை என்று கேட்டால் பதில் இல்லை. "தி சன் ரைஸஸ்", சூரியன் உதிக்கிறது. "பிரைசஸ் ரோஸ்", விலை ஏறியது. இதன் வடிவங்கள் ரைஸ், ரோஸ், ரிஸன். ரெய்ஸ் என்றால் எழுப்பு, உயர்த்து. "ஷீ ரெய்ஸ்ட் ஹர் ஹாண்ட்", கையை உயர்த்தினாள். எதை? கையை. வடிவங்கள் ரெய்ஸ், ரெய்ஸ்ட், ரெய்ஸ்ட். விலை தானாக ஏறினால் ரோஸ், ஒருவர் விலையை ஏற்றினால் ரெய்ஸ்ட். தமிழில் ‘ஏறியது’, ‘ஏற்றினார்’ என்று சொல்லிப் பார்த்தாலே சரியான சொல் கைக்கு வந்துவிடும்.

அடுத்தது லை, லே. இதில் கொஞ்சம் நிதானமாக நிற்க வேண்டும், ஏனென்றால் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் இதில் தடுக்கி விழுகிறார்கள். எல்-ஐ-இ என்று எழுதும் லை, ‘படு’ அல்லது ‘கிட’. எல்-ஏ-ஒய் என்று எழுதும் லே, ‘கிடத்து’ அல்லது ‘இடு’. நான் படுக்கிறேன், இது லை. குழந்தையைத் தொட்டிலில் கிடத்துகிறேன், இது லே. கோழி முட்டையிடுவதற்கும் லேதான், எதை என்று கேட்டால் ‘முட்டையை’ என்று பதில் வருகிறதே.

இதுவரை சிக்கல் இல்லை. சிக்கல் இறந்தகாலத்தில் வருகிறது. ‘படு’ என்ற லை இறந்தகாலத்தில் லே ஆகிவிடும். அதாவது ‘படுத்தேன்’ என்பதற்கும் ‘கிடத்துகிறேன்’ என்பதற்கும் எழுத்தும் ஒன்று, ஒலியும் ஒன்று. அதனால் இந்த மூன்று வரிசைகளையும் ஒன்றன் கீழ் ஒன்றாக உங்கள் கையாலேயே எழுதிக்கொள்ளுங்கள்:

படு: லை, லே, லெய்ன்
கிடத்து: லே, லெய்ட், லெய்ட்
பொய் சொல்: லை, லைட், லைட்

மூன்றாவது வரிசையில் உள்ள லை எழுத்திலும் ஒலியிலும் முதல் வரிசையின் லைதான், ஆனால் இறந்தகாலம் வேறு. மூன்றில் இது ஒன்றுதான் ஒழுங்கான வினை. "ஐ லே டவுன் ஃபார் அன் அவர்", ஒரு மணி நேரம் படுத்திருந்தேன். "ஐ லெய்ட் தி புக் ஆன் தி டேபிள்", புத்தகத்தை மேசைமேல் வைத்தேன். "ஐ லைட் டு ஹிம்", அவனிடம் பொய் சொன்னேன். பேச்சில் பலர் படுத்ததற்கும் லெய்ட் என்பார்கள். கேட்டால் குழம்ப வேண்டாம். தேர்விலும் எழுத்திலும் மேலே சொன்னபடியே எழுதுங்கள்.

சிட், செட் எளிது. சிட் உட்கார், செட் ஒன்றை ஓர் இடத்தில் அமர்த்து. ஒரு விதிவிலக்கு, சூரியன் மறைவதற்கும் செட் என்றுதான் சொல்வார்கள். அங்கே ‘எதை’க்குப் பதில் இருக்காது. ஃபால், ஃபெல் ஜோடியும் இதே குடும்பம்தான்: விழு, வீழ்த்து. "தி ட்ரீ ஃபெல்" என்றால் மரம் விழுந்தது. "தே ஃபெல்ட் தி ட்ரீ" என்றால் மரத்தை வெட்டி வீழ்த்தினார்கள். இங்கேயும் ஒன்றின் இறந்தகாலம் இன்னொன்றின் நிகழ்காலத்தோடு மோதுகிறது. ஃபைண்ட், ஃபவுண்ட் என்ற இன்னொரு மோதலையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கண்டுபிடி என்ற ஃபைண்ட் இறந்தகாலத்தில் ஃபவுண்ட் ஆகும். ஆனால் ஃபவுண்ட் என்று தனி வினையும் உண்டு, அதற்கு நிறுவு என்று பொருள், அதன் இறந்தகாலம் ஃபவுண்டட். ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டதைச் சொல்லும்போது "வாஸ் ஃபவுண்டட்" என்று வர வேண்டும்.

வளர்ந்தான், வளர்த்தான் என்பதைப் பாருங்கள். தமிழில் ஒரு மெய்யெழுத்துதான் வேறுபாடு. ஆங்கிலத்தில் வளர்ந்தான் என்பது குரோ அப், பிள்ளையை வளர்த்தாள் என்பது பிரிங் அப் அல்லது ரெய்ஸ். செடியை வளர்ப்பதற்கு குரோ போடலாம், பிள்ளையை வளர்ப்பதற்குப் போடக் கூடாது. "ஷீ குரூ டூ சில்ட்ரன்" என்று எழுதுகிறவர்கள் நிறையப் பேர். "ஷீ பிராட் அப் டூ சில்ட்ரன்" என்று திருத்திக்கொள்ளுங்கள்.

கற்றுக்கொள், கற்றுக்கொடு ஜோடியும் இதில் சேரும். கொள் வந்தால் லேர்ன், கொடு வந்தால் டீச். நினைவில் வைத்துக்கொள் என்றால் ரிமெம்பர், நினைவூட்டு என்றால் ரிமைண்ட். ரிமைண்டுக்குப் பின்னால் கட்டாயம் ஓர் ஆள் வர வேண்டும்: "ரிமைண்ட் மீ டு கால் ஹர்", அவளுக்கு போன் செய்ய வேண்டும் என்று எனக்கு ஞாபகப்படுத்து. "ரிமெம்பர் மீ டு கால் ஹர்" என்று இதை ஒருபோதும் சொல்ல முடியாது.

ஓர் எச்சரிக்கை. எல்லா ஆங்கில வினைக்கும் இப்படி ஜோடி இருக்காது. உடைந்தது, உடைத்தான் இரண்டுமே பிரோக்தான். கொதித்தது, கொதிக்க வைத்தான் இரண்டும் பாயில். இல்லாத ஜோடியைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

மூன்றாம் படி: தமிழின் ஒரே வினையைப் பிரித்துப் பாருங்கள்

சொல்

சே என்பதற்குப் பின்னால் சொன்ன விஷயம் வரும். டெல் என்பதற்குப் பின்னால் கேட்கிற ஆள் வருவார். "ஹீ செட் தட் ஹீ வாஸ் டயர்ட்", களைப்பாக இருக்கிறது என்று சொன்னான். யாரிடம் சொன்னான் என்பது தேவையில்லை. "ஹீ டோல்ட் மீ தட் ஹீ வாஸ் டயர்ட்", என்னிடம் சொன்னான். சே போட்டு ஆளையும் சொல்ல வேண்டுமென்றால் நடுவில் டு வேண்டும்: "ஹீ செட் டு மீ". டெல்லுக்கு அந்த டு கூடாது. "ஹீ டோல்ட் டு மீ" என்பது தமிழின் ‘என்னிடம்’ உள்ளே புகுந்து செய்யும் வேலை.

ஆள் இல்லாமலும் டெல் வரும் சில தொடர்கள் உண்டு: டெல் தி ட்ரூத், டெல் எ லை, டெல் எ ஸ்டோரி, டெல் தி டைம். இவை நான்கையும் மனப்பாடம் செய்துவிடுங்கள், விதி தேட வேண்டாம். அதேபோல சே ஹலோ, சே சாரி, சே எ பிரேயர் எல்லாம் சேயோடு மட்டும் போகும்.

எக்ஸ்பிளைன், சஜெஸ்ட் இரண்டும் இங்கே நினைவுக்கு வர வேண்டும். இவை டெல் மாதிரி நடப்பதில்லை. "எக்ஸ்பிளைன் மீ" தவறு, "எக்ஸ்பிளைன் இட் டு மீ" சரி. டிஸ்கஸ் இதற்கு நேர் எதிர்: நாம் ‘பற்றி’ என்று சொல்லிப் பழகியதால் அபௌட் சேர்த்துவிடுகிறோம். "வீ டிஸ்கஸ்ட் தி பிளான்" போதும், அபௌட் வேண்டாம்.

ஸ்பீக், டாக் இரண்டும் ‘பேசு’. பல இடங்களில் எதைப் போட்டாலும் குற்றமில்லை. மொழியைச் சொல்லும்போது மட்டும் ஸ்பீக்: "ஷீ ஸ்பீக்ஸ் த்ரீ லாங்குவேஜஸ்". இருவர் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருப்பது டாக். இதற்கு மேல் இதில் மூளையைக் கசக்க வேண்டியதில்லை.

கேள், பார்

என்னைக் கேட்டால், தமிழ் பேசுகிறவர் முதலில் பிரித்துக்கொள்ள வேண்டிய வினை ‘கேள்’தான். இந்த ஒன்றுக்குள் ஆங்கிலத்தில் நான்கு இருக்கின்றன. சத்தம் கேட்கிறது, ஹியர். பாட்டுக் கேட்கிறேன், லிஸன். கேள்வி கேட்கிறேன், ஆஸ்க். உதவி கேட்கிறேன், ஆஸ்க் ஃபார்.

ஹியர், லிஸன் வேறுபாட்டுக்குத் தமிழே ஓர் அழகான சோதனை தருகிறது. ‘எனக்குக் கேட்கிறது’ என்று சொல்ல முடிந்தால் ஹியர். ‘நான் கேட்கிறேன்’ என்று சொன்னால் லிஸன். எனக்கு என்று வரும்போது அது தானாக வந்து காதில் விழுகிறது, நான் என்று வரும்போது நானாகக் கவனிக்கிறேன். "ஐ கேன் ஹியர் தி ரெயின்", மழைச் சத்தம் எனக்குக் கேட்கிறது. "ஐ ஆம் லிஸனிங் டு தி ரேடியோ", நான் வானொலி கேட்கிறேன். லிஸனுக்குப் பின்னால் பொருளோ ஆளோ வந்தால் நடுவில் டு கட்டாயம். ‘சொன்னால் கேள்’ என்பதற்கும் லிஸன் போடலாம்.

இதே சோதனை பார்வைக்கும் செல்லும். எனக்குத் தெரிகிறது, "ஐ கேன் சீ". நான் பார்க்கிறேன், லுக் அல்லது வாட்ச். ‘பார்த்தேன், ஆனால் ஒன்றும் தெரியவில்லை’ என்பதை "ஐ லுக்ட், பட் ஐ குடன்ட் சீ எனிதிங்" என்று அப்படியே சொல்லலாம். கண்ணை ஒன்றின் பக்கம் திருப்பினால் லுக் அட். நகர்வதையும் நடப்பதையும் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருந்தால் வாட்ச். புகைப்படத்தை லுக் அட் செய்வோம், விளையாட்டை வாட்ச் செய்வோம். "ஐ ஆம் சீயிங் டிவி" என்பதைக் கைவிட்டு "ஐ ஆம் வாட்சிங் டிவி" என்று சொல்லுங்கள்.

ஆனால் ‘நேற்று அவரைப் பார்த்தேன்’ என்பதற்கு இந்தச் சோதனை முழுதாகப் பொருந்தாது. ஓர் ஆளைக் கண்டதற்கும் சந்தித்ததற்கும் "ஐ சா ஹிம் யெஸ்டர்டே" என்று சீதான் வரும். டாக்டரைப் பார்ப்பதும் சீ.

ஆஸ்க் பற்றி இரண்டே விஷயம். ஆளுக்கு முன்னால் டு வராது: "ஐ ஆஸ்க்ட் ஹிம்". ஒரு பொருள் வேண்டும் என்று கேட்டால் ஃபார் வர வேண்டும்: "ஐ ஆஸ்க்ட் ஃபார் வாட்டர்". ஃபார் இல்லாமல் "ஐ ஆஸ்க்ட் வாட்டர்" என்றால் தண்ணீரிடம் கேள்வி கேட்டதாகிவிடும்.

வை

"கீப் இட் ஆன் தி டேபிள்" என்று நாம் தாராளமாகச் சொல்கிறோம். மேசைமேல் வை என்ற பொருளில் சொன்னால் அங்கே புட்தான் சரி. புட் என்பது வைக்கிற அந்த ஒரு செயல், அத்தோடு முடிந்துவிடும். கீப் என்பது வைத்திருப்பது, தொடர்ந்து நீடிப்பது. தமிழில் ‘வைத்தேன்’ என்றால் புட், ‘வைத்திருக்கிறேன்’ அல்லது ‘வைத்துக்கொள்’ என்றால் கீப்.

இரண்டு கேள்விகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். "வேர் டிட் யூ புட் தி கீ?" என்றால் சாவியை இப்போது எங்கே வைத்தாய், காணவில்லையே என்று பொருள். "வேர் டூ யூ கீப் தி கீ?" என்றால் வழக்கமாக எங்கே வைப்பாய் என்று பொருள். கடைசியில் "கீப் தி சேஞ்ச்" என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்: மீதியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

உடையிலும் இதே மாதிரி ஒரு பிரிவு இருக்கிறது. சட்டையைப் போடுகிற செயல் புட் ஆன், போட்டிருக்கிற நிலை வேர். "ஷீ இஸ் வேரிங் எ ரெட் டிரெஸ்", சிவப்பு உடை போட்டிருக்கிறாள். இங்கே புட்டிங் ஆன் என்று சொன்னால் இன்னும் உடுத்தி முடிக்கவில்லை என்றாகும். தமிழில் வினையோடு ‘இரு’ சேர்ந்தால் ஆங்கிலத்தில் நிலையைச் சொல்லும் வினையைத் தேடுங்கள். கீப், வேர், இன்னும் பல இந்தப் பக்கம்தான் நிற்கின்றன.

விடு

விடு என்பது பெரிய குடும்பம். ‘என்னைப் போக விடு’ என்பது "லெட் மீ கோ". இங்கே விடு என்பது அனுமதி. லெட்டுக்குப் பின் ஆள், அதற்குப் பின் டு இல்லாத வினை. அலவ் போட்டால் டு வேண்டும்: "அலவ் மீ டு கோ". இந்த டு ஒன்றில்தான் இரண்டுக்கும் அமைப்பு மாறுகிறது.

ஓர் இடத்தை விட்டுப் போவது லீவ்: "ஷீ லெஃப்ட் தி ரூம்". ஒரு பொருளை விட்டுவிட்டு வருவதும் லீவ்: "ஐ லெஃப்ட் மை அம்ப்ரெல்லா இன் தி பஸ்". பழக்கத்தை விடுவது கிவ் அப் அல்லது க்விட். ஒருவரை வண்டியில் கொண்டுபோய் இறக்கிவிடுவது டிராப். இதற்கு லீவ் போட்டால், அம்போ என்று விட்டுவிட்டுப் போனதாகவும் கேட்கிறவர் எடுத்துக்கொள்ளலாம்.

லிவ், லீவ் என்பதில் உச்சரிப்பையும் கவனியுங்கள். முன்னது வாழ், குறில்போலச் சட்டென்று முடியும். பின்னது நெடில்போல நீளும். ஃபில், ஃபீல் ஜோடிக்கும் அப்படியே. குறில், நெடில் பழகிய காதுக்கு இது பெரிய வேலை இல்லை.

நினை, எதிர்பார், காத்திரு

ஹோப், எக்ஸ்பெக்ட், வெயிட் மூன்றையும் ஒன்றாக வைத்துத்தான் படிக்க வேண்டும். நடக்க வேண்டும் என்ற ஆசை ஹோப். நடக்கும் என்று எண்ணக் காரணம் இருந்தால் எக்ஸ்பெக்ட். நேரத்தைக் கழித்துக் காத்திருந்தால் வெயிட் ஃபார். தேர்வு எழுதியவர் "ஐ ஹோப் ஐ பாஸ்" என்றால் ஆசைப்படுகிறார். "ஐ எக்ஸ்பெக்ட் டு பாஸ்" என்றால் நன்றாக எழுதியிருக்கிறார், நம்பிக்கையோடு இருக்கிறார். "ஐ ஆம் வெயிட்டிங் ஃபார் தி ரிசல்ட்" என்றால் முடிவு இன்னும் வரவில்லை. விரும்பத்தகாத ஒன்றையும் எக்ஸ்பெக்ட் செய்யலாம், ஹோப் செய்ய முடியாது.

ஜெயி, திருடு, மறு

இவை மூன்றும் ஒரே சூத்திரத்தில் அடங்கும்: பின்னால் ஆளா, பொருளா?

போட்டியை ஜெயித்தால் வின், ஆளை ஜெயித்தால் பீட். "வீ வன் தி மேட்ச்", "வீ பீட் தெம்". "வீ வன் தெம்" என்று சொல்லவே கூடாது. பீட்டின் இறந்தகாலமும் பீட்தான். பொருளைத் திருடினால் ஸ்டீல், ஆளையோ வங்கியையோ கொள்ளையடித்தால் ராப். "ஹீ ஸ்டோல் மை பாக்", "ஹீ ராப்ட் மீ". வங்கியையே தூக்கிக்கொண்டு போனால்தான் "ஸ்டோல் தி பாங்க்" என்று சொல்லலாம்.

மறு என்பதில் செய்ய மறுப்பது ரெஃப்யூஸ், அதற்குப் பின் டு வினை: "ஹீ ரெஃப்யூஸ்ட் டு ஆன்சர்". செய்யவில்லை என்று மறுப்பது டினை, அதற்குப் பின் இங் வடிவம்: "ஹீ டினைட் டேக்கிங் தி மனி", பணத்தை எடுக்கவில்லை என்று மறுத்தான். செய்தித்தாள் படிப்பவர்கள் இந்த இரண்டைப் பிரிக்காவிட்டால் செய்தியே தலைகீழாகிவிடும்.

நான்காம் படி: திசையைப் பாருங்கள்

கடன் வாங்கு பாரோ, கடன் கொடு லெண்ட். தமிழில் இதில் யாருக்கும் சந்தேகம் வராது, அதனால் தமிழில் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். பாரோவோடு ஃபிரம் வரும், லெண்டோடு ஆள் நேராக வருவார். "கேன் ஐ பாரோ யுவர் பென்?" என்றாலும் "கேன் யூ லெண்ட் மீ யுவர் பென்?" என்றாலும் கிடைப்பது ஒரே பேனாதான். எழுவாய் யார் என்பதுதான் மாறுகிறது. நான் வாங்குகிறேன், நீ கொடுக்கிறாய்.

பிரிங் கொண்டுவா, டேக் கொண்டுபோ. பேசுகிறவர் அல்லது கேட்கிறவர் இருக்கும் இடத்தை நோக்கி வந்தால் பிரிங், வேறு இடத்துக்குப் போனால் டேக். நாமும் எதிரில் இருப்பவர் வீட்டுக்குப் போவதை ‘நாளை உங்கள் வீட்டுக்கு வருகிறேன்’ என்றுதானே சொல்கிறோம். ஆங்கிலமும் அப்படியே: "ஐ வில் கம் டு யுவர் ஹவுஸ் டுமாரோ". போய் எடுத்துக்கொண்டு வா என்பதற்கு ஃபெட்ச் என்று ஒற்றைச் சொல்லே இருக்கிறது.

ஒரே இடத்தில் மட்டும் தமிழை விட்டுவிட வேண்டும். விடைபெறும்போது நாம் சொல்லும் ‘போய்ட்டு வரேன்’ ஆங்கிலத்தில் "ஐ வில் கோ அண்ட் கம்" ஆகாது. கேட்கிறவர் நீங்கள் சற்று நேரத்தில் திரும்பி வரப்போவதாக நினைத்துக் காத்திருப்பார். "ஐ ஆம் லீவிங், சீ யூ" என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

ஐந்தாம் படி: டூ, மேக் இரண்டையும் தொடராகவே படியுங்கள்

இதற்கு விதி சொல்லச் சொல்லிப் பலர் கேட்பார்கள். பொதுவாக, ஒன்றைப் புதிதாக உண்டாக்கினால் மேக், ஒரு வேலையைச் செய்து முடித்தால் டூ. நாற்காலி மேக், வீட்டுப்பாடம் டூ. இந்த விதி பாதி தூரம்தான் கூட வரும். மேக் எ மிஸ்டேக், மேக் எ டிசிஷன், மேக் அன் எஃபர்ட், மேக் எ ப்ராமிஸ், மேக் எ நாய்ஸ், மேக் எ ஃபோன் கால், மேக் மனி என்பதெல்லாம் பழக்கத்தால் வருபவை. டூ யுவர் பெஸ்ட், டூ எ ஃபேவர், டூ எக்ஸர்சைஸ், டூ பிசினஸ், டூ டேமேஜ் என்பவையும் அப்படித்தான். தவறு செய்தேன், முடிவு செய்தேன், உதவி செய்தேன் என்று எல்லாவற்றுக்கும் நமக்குச் ‘செய்’ இருப்பதால், தமிழிலிருந்து கொண்டுபோனால் எல்லா இடத்திலும் டூதான் வரும். அதனால் மிஸ்டேக் என்ற சொல்லைப் படிக்கும் அன்றே மேக்கையும் சேர்த்துப் படித்துவிடுங்கள்.

ஆறாம் படி: எழுத்துக் குழப்பங்கள்

அஃபெக்ட் வினை, பாதிப்பை உண்டாக்கு என்று பொருள். எஃபெக்ட் பெரும்பாலும் பெயர்ச்சொல், விளைவு. முதல் எழுத்து மட்டும் மாறும்: வினைக்கு ஏ, பெயருக்கு இ. எஃபெக்டும் அரிதாக வினையாக வரும், அப்போது ஒரு மாற்றத்தை நிறைவேற்று என்று பொருள். அலுவலக அறிக்கைகளில் பார்க்கலாம்.

அட்வைஸ் என்பதில் எஸ் போட்டு எழுதினால் அறிவுரை கூறு என்ற வினை, சி போட்டு எழுதினால் அறிவுரை என்ற பெயர். பிராக்டிஸும் பிரிட்டன் எழுத்துமுறையில் இப்படித்தான். அமெரிக்க எழுத்துமுறையில் பெயருக்கும் வினைக்கும் சிதான்.

இழ என்ற பொருளில் வரும் வினையில் ஓ ஒன்று: எல்-ஓ-எஸ்-இ. தொளதொளவென்று இருப்பதைச் சொல்லும் சொல்லில் ஓ இரண்டு. ஓர் ஓவை இழந்தது இழத்தல் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

ஹாங் என்ற வினைக்கு இரண்டு இறந்தகாலம். படத்தைச் சுவரில் மாட்டினால் ஹங். தூக்குத் தண்டனையைச் சொல்லும்போது ஹாங்ட்.

ஏழாம் படி: குறிப்பேட்டையும் அகராதியையும் மாற்றுங்கள்

டெல் = சொல் என்று எழுதும் குறிப்பேடு உதவாது. வினையை அதன் துணையோடு எழுதுங்கள்: டெல் + ஆள் + விஷயம். சே + விஷயம். லெட் + ஆள் + வினை. அலவ் + ஆள் + டு வினை. லிஸன் + டு + பொருள். கூடவே உங்கள் வாழ்க்கையில் உண்மையாக நடந்ததை வைத்து ஒரு வாக்கியம் எழுதுங்கள். புத்தக வாக்கியத்தைவிடச் சொந்த வாக்கியம் நினைவில் நிற்கும்.

அகராதியும் கற்பவருக்கென்று செய்யப்பட்டதாக இருக்கட்டும். ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹார்ன்பியும் அவருடைய சகாக்களும் 1942இல் அங்கே வெளியிட்ட அகராதி, வினைகளுக்குப் பின்னால் என்ன வரும் என்பதை வகைப்படுத்திக் காட்டியது. கற்பவர்களுக்கு எங்கே தடுக்கும் என்று வகுப்பறையில் நேரில் பார்த்தவர்கள் செய்தது அது. இன்றைய ஆக்ஸ்ஃபோர்ட் கற்போர் அகராதி அதன் வழியில் வந்ததுதான். இப்படிப்பட்ட அகராதிகளில் வினைக்குப் பக்கத்தில் டிரான்சிட்டிவ், இன்டிரான்சிட்டிவ் என்றோ அவற்றின் முதல் எழுத்தோ போட்டிருக்கும். முன்னதற்கு ‘எதை’ உண்டு, பின்னதற்கு இல்லை. பொருளைப் படிக்கும் முன் அந்தக் குறியைப் பாருங்கள், அப்புறம் எடுத்துக்காட்டு வாக்கியங்களைப் படியுங்கள்.

ஒரு நாளைக்கு ஒரு தமிழ் வினை போதும். இன்று ‘வை’ என்றால், நாள் முழுக்க நீங்கள் பேசும் ஒவ்வொரு ‘வை’யையும் பிடித்து, இது புட்டா கீப்பா என்று கேட்டுக்கொண்டே இருங்கள்.

எட்டாம் படி: சோதித்துப் பாருங்கள்

இந்த ஆறு வாக்கியங்களை ஆங்கிலத்தில் எழுதிவிட்டு, பிறகு கீழே உள்ள விடையைப் பாருங்கள்.

1. அவள் என்னிடம் உண்மையைச் சொன்னாள்.
2. நேற்று மதியம் முழுவதும் படுத்திருந்தேன்.
3. அவர் உதவி கேட்டார்.
4. மூக்குக் கண்ணாடியை எங்கே வைத்தாய்?
5. போன வாரம் அவர்களை ஜெயித்தோம்.
6. உன் குடையைத் தருகிறாயா, நாளை திருப்பித் தருகிறேன்.

முதலாவது, "ஷீ டோல்ட் மீ தி ட்ரூத்". டு போட்டிருந்தால் மூன்றாம் படியை மறுபடி படியுங்கள். இரண்டாவது, "ஐ லே இன் பெட் ஆல் யெஸ்டர்டே ஆஃப்டர்நூன்". லெய்ட் எழுதியிருந்தால் ‘எதை’ என்று கேளுங்கள், பதில் வராது. மூன்றாவது, "ஹீ ஆஸ்க்ட் ஃபார் ஹெல்ப்". நான்காவது, "வேர் டிட் யூ புட் தி கிளாசஸ்?" ஐந்தாவது, "வீ பீட் தெம் லாஸ்ட் வீக்". ஆறாவதற்கு இரண்டு விடை உண்டு, "கேன் யூ லெண்ட் மீ யுவர் அம்ப்ரெல்லா?" அல்லது "கேன் ஐ பாரோ யுவர் அம்ப்ரெல்லா?" குடையை நாளை திருப்பிக் கொண்டுவருவதைச் சொல்ல "ஐ வில் பிரிங் இட் பேக் டுமாரோ" என்று சேர்த்துக்கொள்ளுங்கள். கேட்கிறவர் இருக்கும் இடத்துக்கே குடை திரும்பி வருவதால் அங்கே டேக் வராது.